நீர் இறங்கும் நேரம்

திரை சுத்தமாக இருந்தது. கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி.

அவளுக்குப் பிடிக்காததும் அதுதான்.

படகின் சின்ன அறைக்குள் மடக்கு நாற்காலி போட்டு, ஒரு காலை மேசைக்கு முட்டுக் கொடுத்து, மூக்கு திரையில் உரசாத குறையாக உட்கார்ந்திருந்தாள். படகின் வயிற்றில் பொருத்தியிருந்த கருவி விசிறி மாதிரி இரண்டு பக்கமும் ஒலியை விரித்து அனுப்பியது. அது கடல் தரையில் பட்டுத் திரும்பியதும் திரையில் கோடு விழுந்தது. நடுவில் மீன் கூட்டம் குறுக்கிட்டால் மேகம் போலத் தெரியும். தரையிலிருந்து வாயு கசிந்தால், ஊதி அணைத்த தீக்குச்சியின் புகை போல ஒல்லியாக நெளிந்து மேலே ஏறும்.

அந்தப் புகையைத் தேடுவதுதான் அவள் உத்தியோகம். எரிவாயு கண்காணிப்புத் துறையில் அவளுக்குக் 'குமிழி' என்று பெயர் வைத்துப் பல வருடம் ஆகிவிட்டது. வாசல் காவலாளியே, "குமிழி மேடம் உள்ள இருக்காங்க" என்றுதான் வருகிறவர்களிடம் சொல்வார்.

கீழே இருந்தது ஒரு பழைய கிணறு. உள்ளேயிருந்த எரிவாயுவை உறிஞ்சி முடித்து, வாயைச் சிமென்ட்டால் அடைத்து, மீன் வலை சிக்காமலிருக்க அதன்மேல் ஒரு அறை அகலத்துக்கு இரும்பு மூடியைக் கவிழ்த்துவிட்டு நிறுவனம் எப்போதோ போய்விட்டது. இப்போது அந்த இடத்தின் வழியாகப் புதுக் குழாய் போகிறது. மூடியை வெட்டி எடுக்க வேண்டும். வெட்டுவதற்கு முன் துறையிலிருந்து ஒருவர் வந்து பார்த்து, கசிவு இல்லை, வெட்டலாம் என்று வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டும். விதி அப்படி.

வெட்டப் போகிற டைவர் அவளுடைய கணவர்.

தண்ணீருக்குள் இரும்பை வெட்ட முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியும். ஆக்ஸிஜனைப் பீய்ச்சும் கம்பி ஒன்று, அதற்கு மின்சாரம், கண்ணைப் பறிக்கும் பொறி. இரும்பு மெழுகாக உருகி வழியும். ஆனால் கவிழ்த்த மூடிக்கு அடியில் கசிந்த வாயு தேங்கிக் கிடந்து, பொறி அதைத் தொட்டுவிட்டால், வெட்டுகிறவரைப் பிறகு தேட வேண்டியதில்லை. தேடினாலும் முழுசாகக் கிடைக்க மாட்டார்.

கணவர் வேலை பார்க்கும் இடத்துக்கு மனைவியையே அனுப்பலாமா என்று அவள் மேலதிகாரியிடம் கேட்டாள். எந்தக் கோப்பை நீட்டினாலும் 'நாளைக்கு' என்பதால் அதையே பெயராகப் பெற்றவர் அவர். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் உடனே பதில் சொன்னார். இன்னொரு ஆய்வாளர் விடுப்பில் இருக்கிறார், கப்பலின் நாள் வாடகை ஏறிக்கொண்டே போகிறதென்று நிறுவனம் தினமும் கூப்பிடுகிறது, சொந்தப் புருஷன் என்றால் இன்னும் நன்றாகத்தான் பார்ப்பாய், போய் வா.

நன்றாகத்தான் பார்த்தாள். குறுக்காகவும் நெடுக்காகவும், நிறுவனம் கேட்டதைப்போல இரண்டு மடங்கு. காரணம், போன வாரம் கணவர் விடுப்பில் வந்தபோது சொன்ன ஒரு விஷயம்.

சமையலறைக் குழாயின் வாஷரைக் கழற்றிக்கொண்டே சொன்னார். அவருடைய அக்கா டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். மூடியைச் சுற்றிப் பாசியைச் சுரண்டி அளவெடுக்கிற வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது.

"கீழ என்னமோ கொப்புளிக்குதும்மா. மூடியோட ஓரத்துல. கைய வச்சா கூசுது."

எப்போதுமா என்று அவள் கேட்டாள். இறங்கும்போதெல்லாம் என்றார். மேற்பார்வையாளரிடம் சொன்னாரா? சொன்னார். கூட இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். டைவர் விடுகிற மூச்சு ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் குமிழியாகத்தான் வெளியேறும். கலங்கல் தண்ணீரில் கைநீளத்துக்கு மேல் ஒன்றும் தெரியாது. சொந்த மூச்சைப் பார்த்தே பயந்தவர் என்று அவருக்குப் பட்டம் கட்டிவிட்டார்கள். நிறுவனம் மூன்று முறை படகு அனுப்பிப் பார்த்தது. மூன்று முறையும் ஒன்றுமில்லை.

"அவ ஆபீஸ்ல உக்காந்து குமிழி தேடுறா, நீ கடலுக்கு அடியில போய்க் குமிழி பாக்குற" என்றாள் அக்கா. "உங்களுக்கு ஜாதகம் பாத்தவன் கில்லாடிடா."

மூவரும் சிரித்தார்கள். குழாய் மட்டும் அன்றைக்குச் சரியாகவில்லை.

இப்போது கேப்டன் அறைக் கதவைத் தட்டினார். படகு அவருடைய சொந்தப் படகு. துறைக்கும் நிறுவனத்துக்கும் மாறி மாறி வாடகைக்கு ஓட்டுபவர்.

"தண்ணி இறங்க ஆரம்பிச்சிடுச்சும்மா. இப்பக் கிளம்பினாத்தான் உண்டு."

துறைமுக வாயில் ஒரு மணல் திட்டு. நீர் நிறைந்திருக்கும்போது மட்டும்தான் படகு அதைத் தாண்டும். அவள் திரையைக் கடைசியாக ஒருமுறை பார்த்தாள். மேகம்கூட இல்லை. தன் கண்ணை நம்புவதா, கணவரின் கூச்சத்தை நம்புவதா? கண்ணை நம்பித்தான் துறை அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறது.

வயர்லெஸ்ஸை எடுத்தாள். "கசிவு எதுவும் தெரியல. வெட்டலாம்."

சற்றுத் தள்ளி நின்ற மஞ்சள் நிற டைவிங் கப்பலிலிருந்து மேற்பார்வையாளர் நன்றி சொன்னார். கப்பலைக் கிணற்றுக்கு மேலே நகர்த்தி நங்கூரம் போடுவதாகவும், நீரோட்டம் நின்றதும் ஆளை இறக்குவதாகவும் சொன்னார். படகு கரைப் பக்கம் திரும்பியது.

துறைமுக வாயை நெருங்கும்போது அடிப்பலகை மணலில் ஒருமுறை உரசியது. பல் கூசுகிற சத்தம். கேப்டன் எஞ்சினைத் தணித்து, இடது பக்கம் ஒடித்து, ஆழமான பள்ளத்துக்குள் படகை நுழைத்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு புலம்பினார்.

"இந்த கேஸ் சர்வேக்கு வந்தாலே இதே ஓட்டம்தான். நெறஞ்ச தண்ணியில வெளிய போ, இறங்குறதுக்குள்ள உள்ள வா. கம்பெனிக்காரங்கள மூணு தடவ கூட்டிட்டுப் போனேன், மூணு தடவையும் இந்த மணல் என் உயிர வாங்கிடுச்சு."

அவள் கருவிப் பெட்டியை மூடிக்கொண்டிருந்தாள். கை பாதியில் நின்றது.

"மூணு தடவையும் நெறஞ்ச தண்ணியிலயா போனீங்க?"

"பின்ன? வத்துன தண்ணியில இந்த மணல் மேல எந்தப் படகும்மா போகும்? நடந்துதான் போகணும்."

அவள் பெட்டியை மறுபடி திறந்தாள்.

சோடா பாட்டில் மூடியிருக்கும் வரை உள்ளே குமிழி கிடையாது. திறந்தால் பொங்கும். கடலடியில் வாயுவை அமுக்கி வைத்திருக்கும் மூடி, மேலே நிற்கும் தண்ணீரின் கனம்தான். இந்தக் கடலில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இரண்டு ஆள் உயர வித்தியாசம். நீர் நிறைந்திருக்கையில் கசிவு அமுங்கிக் கிடக்கும். இறங்கினால் கிளம்பும்.

சரி, டைவர்கள் எப்போது இறங்குவார்கள்? கணவர் வீட்டில் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். நீர் முழுக்க வற்றி, ஓட்டம் நிற்கிற நேரத்தில். அப்போதுதான் ஆழம் குறைவு, அடியில் அதிக நேரம் வேலை பார்க்கலாம்.

சர்வேக்காரர்கள் நிறைந்த கடலைப் பார்த்தார்கள். டைவர்கள் வற்றிய கடலில் இறங்கினார்கள். ஒரு கூட்டம் மணலுக்குப் பயந்து வீடு திரும்பிய பிறகுதான் மற்ற கூட்டம் வேலையே ஆரம்பித்தது. யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் எதையும் மறைக்கவும் இல்லை. அவளும் சேர்த்து.

வெட்டலாம் என்று சொன்னது அவள் வாய்.

கரை பக்கத்திலிருந்ததால் கைப்பேசி வேலை செய்தது. முதலில் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார். வெட்டலாம் என்று நீ சொன்னது பதிவாகியிருக்கிறது, மூன்று மணி நேரத்துக்குள் வேண்டாம் என்றால் துறையின் மானம் என்ன ஆகும், அதுவும் புருஷன் இறங்குகிற வேலை, ஊர் என்ன பேசும், எதற்கும் ஒரு அறிக்கையாக எழுதிக் கொடு, நாளைக்கு உட்கார்ந்து பேசுவோம். அவள் பாதியிலேயே துண்டித்தாள். உத்தியோகத்தில் சேர்ந்த பிறகு முதல் முறையாக.

அடுத்து வயர்லெஸ். டைவிங் கப்பலின் மேற்பார்வையாளர் குரலை உயர்த்தாத மனிதர். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"மேடம், கசிவ நீங்க பாத்தீங்களா, இல்ல இருக்கும்னு நினைக்கிறீங்களா?"

"நினைக்கிறேன்."

"நினைக்கிறதுக்கெல்லாம் டைவ நிறுத்தினா, நான் ஒரு நாள்கூட வேலை பாக்க முடியாது. பாத்துட்டுச் சொல்லுங்க, அந்த நிமிஷமே நிறுத்துறேன்." கொஞ்சம் விட்டு, "உங்க பயம் எனக்கும் புரியுது. என் வீட்லயும் ஒருத்தி இருக்கா. தினமும் நிறுத்தச் சொல்றா" என்றார்.

ஆள் இறங்கிவிட்டாரா என்று கேட்டாள். இன்னும் இல்லை, நீர் முழுக்க வற்றக் காத்திருக்கிறார் என்று பதில் வந்தது.

அவள் திரும்பினாள். கேப்டன் ஏற்கெனவே முகத்தைச் சுளித்திருந்தார்.

திரும்பிப் போகணும் என்றாள். அவர் மணலைக் காட்டினார். இப்போது வெளியே போனால் அடுத்த ஏற்றம் வரைக்கும் உள்ளே வர முடியாது. அவர் மனைவிக்குக் கண்ணில் ஆபரேஷன் முடிந்து இன்றைக்கு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். போய்க் கூட்டி வருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அண்ணே, கீழ இறங்கப்போறது என் வீட்டுக்காரர். இறங்கலாம்னு சொன்னது நான்."

கேப்டன் கைப்பேசியை எடுத்து மனைவியைக் கூப்பிட்டு, சுருக்கமாகச் சொல்லிவிட்டு, நீளமாகக் கேட்டுக்கொண்டார். வைத்ததும் சுக்கானைப் பிடித்தார்.

"என்ன சொன்னாங்க?"

"ஆஸ்பத்திரியில ஏசி நல்லா இருக்காம். என்னைப் பாக்காம இருந்தா கண்ணு சீக்கிரம் ஆறும்னு டாக்டரே சொன்னாராம்." எஞ்சின் உறுமியது. "பிடிச்சுக்கோம்மா. இந்த மணல் நம்மள சும்மா விடாது."

மணல் சும்மா விடவில்லை. இரண்டு இடத்தில் உரசி, ஓர் இடத்தில் முழுசாக உட்கார்ந்து, அலை ஒன்று தூக்கிவிட்ட பிறகுதான் படகு வெளியே வந்தது. அதன்பின் கேப்டன் எஞ்சினை அடித்து விரட்டினார். முன்பக்கம் அலையில் மோதும்போதெல்லாம் அறைக்குள் கட்டாத பொருளெல்லாம் இடம் மாறியது. அவள் கருவியை மறுபடி உயிர்ப்பித்து, திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஓரத்தில் மண்ணெண்ணெய் அடுப்பில் கேப்டன் டீக்கு வைத்த தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. போகிற அவசரத்திலும் மனிதருக்கு டீ வேண்டும்.

வயர்லெஸ் திறந்தே இருந்தது. அதில் துண்டு துண்டாகக் கப்பலின் பேச்சு. டைவர் தண்ணீரில். டைவர் அடிக்குப் போய்ச் சேர்ந்தார். கம்பியைக் கீழே இறக்கியாயிற்று.

சீக்கிரம் போங்கண்ணே என்று அவள் சொல்லவில்லை. சொன்னாலும் இதற்கு மேல் படகில் வேகம் இல்லை.

மஞ்சள் கப்பல் பெரிதாகிக்கொண்டே வந்தது. டைவர் அடியில் இருக்கும்போது கப்பலை நெருங்கக் கூடாது. எல்லை காட்டச் சிவப்பு மிதவைகள் போட்டிருந்தார்கள். கேப்டன் அந்த மிதவைகளை ஒட்டி, தோல் அறுபடாமல் பழம் சீவுகிறவர் மாதிரி படகைச் சுற்றிவரச் செய்தார்.

முதல் சுற்று. ஒலி விசிறி மூடி வரைக்கும் எட்டவில்லை.

இரண்டாவது சுற்றில், திரையின் ஓரத்தில், தரையிலிருந்து ஒரு நூல் எழுந்தது. அவள் கண்ணைக் கசக்கினாள். நூல் போகவில்லை. மூன்றாவது சுற்றில் நூல் கயிறாகிவிட்டது. மூடியின் விளிம்பிலிருந்து கிளம்பி, கப்பலின் அடிவயிறு வரைக்கும், தடிமனாக, நெளிந்து நெளிந்து.

பல வருடமாகத் தேடியது. இன்றைக்கு மட்டும் பார்க்கக் கூடாதென்று வேண்டிக்கொண்டது.

"பாத்துட்டேன்" என்றாள் வயர்லெஸ்ஸில். "மூடியோட விளிம்புல இருந்து வருது. வெட்டுறத நிறுத்துங்க."

மேற்பார்வையாளர் உடனே கேட்டார். எந்த இடத்தில்? டைவர் நிற்கிற இடத்திலா, தள்ளியா?

அவள் திரையை மறுபடி பார்த்தாள். நிற்கிற இடத்தில்தான்.

"மேடம், அது அவரோட மூச்சு."

அவர் சொன்னதில் தவறில்லை. திரையில் வாயுக் குமிழியும் மூச்சுக் குமிழியும் ஒன்றுதான். எந்த ஆய்வாளரைக் கொண்டுவந்து காட்டினாலும் டைவரின் மூச்சு என்றுதான் சொல்வார். பின்னாலிருந்து இன்னொரு குரல் வயர்லெஸ்ஸில் கலந்தது. முதல் பொறி பிடித்துவிட்டது, விளிம்பில் ஒரு சாண் வெட்டியாயிற்று, நன்றாகப் போகிறது.

ஒரு சாண்.

அவள் திரையையே பார்த்தாள். கிணற்றின் மூச்சும் அவர் மூச்சும் ஒரே கயிறாக முறுக்கிக் கிடக்கின்றன. ஒன்றைப் பிரித்து எடுக்க வேண்டும். எப்படி?

ஒன்றை நிறுத்தினால் போதுமே.

"அவர மூச்ச நிறுத்தச் சொல்லுங்க."

"என்னது?"

"கொஞ்ச நேரம் மூச்ச அடக்கிக்கிட்டு விளிம்பைப் பாக்கச் சொல்லுங்க. அவர் மூச்சுன்னா குமிழி நிக்கும். நிக்கலைன்னா நான் சொன்னதுதான்."

டைவருக்குச் சொல்லித் தருகிற முதல் பாடமே, என்ன ஆனாலும் தண்ணீருக்கடியில் மூச்சை அடக்காதே என்பதுதான். அடக்கியபடி மேலே வந்தால் நுரையீரல் கிழியும். அவர் மேலே வரவில்லை, தரையில் ஒரே இடத்தில் நிற்கிறார், ஒன்றும் ஆகாது என்று அவள் விளக்கினாள். அது மேற்பார்வையாளருக்கும் தெரியும். ஆனால் வாழ்நாள் முழுக்க ஆட்களிடம் கத்திச் சொன்ன ஒன்றுக்கு எதிராக வாயைத் திறக்க மனம் வர வேண்டுமே. அவள் காத்திருந்தாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், முதலில் கம்பியை விளிம்பிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள் என்று.

கடைசியில் அவர் குரல் வந்தது. அவளிடம் இல்லை, கீழே இருப்பவரிடம். வெட்டை நிறுத்து. கம்பியைத் தள்ளிப் பிடி. இப்போது நான் சொல்வதைக் கேட்டுச் சிரிக்காதே.

பிறகு கணவரின் குரல். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, குடத்துக்குள் பேசுகிற மாதிரி.

"மூச்ச நிறுத்தவா? யாரு சொல்றது?"

"உங்க வீட்ல."

"அப்ப நிறுத்தித்தான் ஆகணும்" என்றார் அவர். பக்கத்தில் யாரோ சிரித்தது கேட்டது. அதன்பின் ஒன்றும் கேட்கவில்லை.

அவளும் மூச்சை அடக்கியிருந்தது அவளுக்கே தெரியாது. கேப்டன் எஞ்சினைத் தணித்துவிட்டு வாசலில் வந்து நின்றார். திரையில் கயிறு மெலிந்தது. மெலிந்தது. இன்னும் மெலியுமா? மேல் பாதி கலைந்து மறைந்தது. அவருடைய மூச்சின் பங்கு அது. கீழே மூடியின் விளிம்பிலிருந்து மட்டும், விரல் தடிமனுக்கு, விடாமல் எழுந்துகொண்டேயிருந்தது.

வயர்லெஸ்ஸில் ஒரு நீண்ட மூச்சு வெளியேறும் சத்தம்.

"நிக்கல" என்றார் கணவர். அந்தக் குரலில் இப்போது விளையாட்டு இல்லை. "சார், நிக்கல. நல்லா பாத்துட்டேன். வெட்டுன இடத்துல இருந்தும் வருது."

"கரண்ட நிறுத்து" என்று மேற்பார்வையாளர் அங்கே யாருக்கோ சொன்னார். அந்த மனிதர் குரலை உயர்த்தி அவள் கேட்டது அந்த ஒரு தடவைதான். "கம்பிய அங்கேயே போட்டுட்டு விலகி வா. நடந்து வா, நீந்தாத."

வெட்டிய ஒரு சாண் இடம் போதுமானதாக இருந்திருக்கிறது. வருடக் கணக்கில் மூடியின் உள்ளே தேங்கிய வாயு, நீர் இறங்க இறங்க வீங்கி, அந்தக் கீறலைப் பிடித்துக்கொண்டது. திரையில் விரல் தடிமன் கயிறு தூணாயிற்று. தூண் சுவராயிற்று. திரை முழுவதும் வெளுத்துவிட்டது.

வெளியே பார்த்தால் கப்பலின் பக்கவாட்டில் கடல் பால் மாதிரி பொங்கிக்கொண்டிருந்தது. காற்று அங்கிருந்து படகின் பக்கம் வீசியது. வாசனை ஒன்றும் இல்லை. வாசனை இல்லாததுதான் ஆபத்து.

"அடுப்பு" என்றாள்.

கேப்டன் புரியாமல் திரும்பினார். மண்ணெண்ணெய் அடுப்பில் நீல நாக்கு ஆடிக்கொண்டிருந்தது. அவள் பாய்ந்து, கொதிக்கிற பாத்திரத்தை அப்படியே அடுப்பின்மேல் கவிழ்த்தாள். கை வெந்தது. எஞ்சினையும் நிறுத்துங்க என்றாள். நிறுத்தினார். திடீரென்று உலகமே நின்ற மாதிரி ஆனது. அலை பலகையில் தட்டுகிற சத்தம், தூரத்தில் கடல் கொதிக்கிற சத்தம். அவ்வளவுதான்.

படகு தானாகச் சுழன்று மெதுவாகக் காற்றின் போக்கில் நகர்ந்தது. எஞ்சினைப் போட முடியாது. ஒரு பொறி போதும். வாயுவும் அதே காற்றோடு, அதே வேகத்தில், அவர்களுடனேயே வந்துகொண்டிருக்கலாம். கண்ணுக்குத் தெரியாத துணை.

கேப்டன் சட்டைப் பையிலிருந்த தீப்பெட்டியை எடுத்துப் பார்த்தார். கடலில் எறிந்தார். பிறகு சிகரெட்டையும் எறிந்தார்.

"சிகரெட் என்ன பண்ணும்?" என்று அவள் கேட்டாள். கேட்க வேண்டும் என்றில்லை. வாய் தானாகக் கேட்டது.

"அது இருந்தா கை தீப்பெட்டியத் தேடும்மா."

வயர்லெஸ்ஸில் மேற்பார்வையாளர் டைவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். குமிழிச் சுவருக்குள் அகப்பட்டால் டைவருக்குக் கால் தரிக்காது, மேல் கீழ் தெரியாது. பொங்கும் தண்ணீருக்குத் தாங்குகிற சக்தி கிடையாது. காற்றுக் குழாய் மூடியில் சிக்கினால் அதோடு சரி. இதெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரியாத மனைவியாக இருந்திருக்கலாம் என்று அப்போது தோன்றியது.

வெந்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு அவள் வயர்லெஸ் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். பேசவில்லை. பேசினால் அந்த நேரத்தில் அவர் குரல் வந்து, கேட்காமல் போய்விடும்.

"...இடுப்புக் கயிறு இறுகிடுச்சு. கொஞ்சம் விடுங்க."

கணவரின் குரல்தான்.

"இன்னும் விடுங்க. ஆங். மூடிக்கு இந்தப் பக்கம் இருக்கேன். ஹெல்மெட்ல கல்லு மழை மாதிரி இருக்கு. ஒண்ணும் தெரியல. எந்தப் பக்கம் போகணும்னு சொல்லுங்க."

மேற்பார்வையாளர் சொன்னார். ஒவ்வோர் அடியாக, கண்ணில்லாதவரைச் சாலை கடத்துகிற பொறுமையோடு. இடது பக்கம். நில். கயிற்றை உணர்கிறாயா? அதே பக்கம். டைவர்களை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டு வரைக்கும் அப்படியே நடத்தி, உள்ளே ஏற்றி, தூக்கினார்கள். நடுவில் நின்று நின்று வர நேரம் இல்லை. கப்பல் அந்த இடத்தை விட்டு நகர்ந்தாக வேண்டும். ஒரே மூச்சில் மேலே இழுத்தார்கள்.

நடுவில் நிற்காமல் தூக்கப்பட்ட டைவரை உடனே அழுத்த அறைக்குள் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்தத்திலேயே குமிழி கிளம்பிவிடும். காற்று திசை மாறி, அவள் பெட்டியிலிருந்த வாயு அளக்கும் கைக்கருவி காற்றைச் சோதித்துச் சரி என்று சொன்ன பிறகுதான் கேப்டன் எஞ்சினைத் தொட்டார். தள்ளி நங்கூரமிட்டிருந்த மஞ்சள் கப்பலின் ஏணியில் அவள் ஏறியபோது, கணவர் அந்த இரும்பு உருளைக்குள் படுத்திருந்தார்.

மேற்பார்வையாளர் ஏணித் தலைப்பிலேயே நின்றிருந்தார். வயர்லெஸ்ஸில் கற்பனை செய்ததைவிடக் குட்டையான ஆள். ஏதோ சொல்ல வாயெடுத்து, அவள் கையைப் பார்த்துவிட்டு, முதலில் களிம்பு கொண்டுவரச் சொன்னார். அறையின் பக்கத்தில் அவளை விட்டுவிட்டுத் தள்ளிப் போனார்.

வட்டக் கண்ணாடி ஒன்று. தட்டு அகலம். அதற்குள் கணவரின் முகம். ஹெல்மெட் அழுத்திய தடம் நெற்றியில் சிவப்பாக. சுவரில் ஒரு தொலைபேசி. அவள் எடுத்தாள், அவரும் உள்ளே எடுத்தார்.

வலி இருக்கிறதா என்று கேட்டாள். தோள்மூட்டில் லேசாக என்றார். இரவு வரைக்கும் உள்ளேதான் கிடக்க வேண்டுமாம். அக்காவுக்குச் சொன்னாயா? இன்னும் இல்லை. சொல்லாதே, நானே சொல்கிறேன், நீ சொன்னால் உன்னைத்தான் திட்டுவாள்.

"திட்டட்டும்" என்றாள். "வெட்டலாம்னு நான்தானே சொன்னேன்."

கண்ணாடிக்குள் முகம் ஒருமுறை கீழே குனிந்து நிமிர்ந்தது.

"தெரியும். ஸ்பீக்கர்ல கேட்டேன்." தொலைபேசியைக் காது மாற்றினார். "காலையில இறங்க மாட்டேன்னு சொல்லலாம்னுதான் இருந்தேன். அவனுங்க எவ்வளவு சிரிச்சாலும் பரவாயில்லைன்னு. அப்புறம் உன் குரல் கேட்டுச்சு. சரி, இவளே பாத்துட்டா, நமக்குத்தான் பிரமைன்னு நினைச்சு ஹெல்மெட்ட மாட்டினேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். கண்ணாடியில் கையை வைத்தாள், அது வெந்த கை என்பது மறந்துபோய்.

"மத்த கிணறுங்க?" என்றார் அவர்.

"என்ன?"

"கம்பெனிக்கு இங்க இதே மாதிரி மூடி போட்ட கிணறு இன்னும் இருக்கே. அதையெல்லாம் எப்பப் போய்ப் பாத்தாங்க?"

நிறைந்த தண்ணீரில்தான் பார்த்திருப்பார்கள். எல்லாவற்றுக்கும் அதே துறைமுகம். அதே மணல். எல்லாவற்றின் அறிக்கையிலும் கசிவு இல்லை என்றுதான் இருந்தது.

"வடக்குப் பக்கக் கிணத்துல வேற ஒரு கும்பல் வேலை பாக்குது" என்றார் கணவர். "அடுத்த தடவ தண்ணி வத்தும்போது இறங்குவாங்க. நீ இங்க நின்னு என் மூஞ்சியப் பாத்துக்கிட்டிருந்தா எப்படி?"

"உங்களை விட்டுட்டா?"

"நான் எங்க போகப் போறேன்? கதவ வெளியிலதான் பூட்டியிருக்கு."

அவள் தொலைபேசியை மாட்டினாள். மேற்பார்வையாளரிடம் போய், வடக்குக் கிணற்றுக் கப்பலை வயர்லெஸ்ஸில் பிடிக்கச் சொன்னாள். அவர் எதுவும் கேட்காமல் பிடித்துக் கொடுத்தார்.

அந்தப் பக்கத்திலிருந்து ஒரு புதுக் குரல், சலிப்பாக, யார் பேசுவது என்று கேட்டது. அவள் துறையின் பெயரையும் தன் பதவியையும் சொன்னாள். ஆட்களை இறக்க வேண்டாம், நான் வருகிறேன் என்றாள்.

எங்கள் கிணறு போன மாதமே சுத்தமென்று வந்துவிட்டதே மேடம், நீங்கள் எதையாவது பார்த்தீர்களா என்றது குரல்.

"இன்னும் இல்ல" என்றாள் அவள். "தண்ணி வத்துற வரைக்கும் உங்க பக்கத்துலயே நின்னு பாக்கப் போறேன்."

கீழே படகில் கேப்டன் கப்பலில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டு, ஏணியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு கையால் பிடித்து இறங்கத் தொடங்கினாள்.